பத்தாம் வகுப்புக்குப் பிறகு எந்தப் பாதை? அதை முடிவு செய்வது யார்?

(சிவகாசி அருகே ஒரு கிராமத்தில், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான மறுவாரம் நடந்த பெற்றோர் - மாணவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வாரம் ஆறு நாள் பயர் ஆபீசுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போய்வருகிறீர்கள். துணி துவைக்கவும் உடம்பைச் சாய்க்கவும் இருக்கிற ஒரே நாளை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன்.

பத்தாவது பாசான பிள்ளையை அடுத்து எங்கே சேர்ப்பது? பிளஸ் ஒன்னா, பாலிடெக்னிக்கா, ஐ.டி.ஐ.யா? இதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

போன மாதம் என்னோடு பொறியியல் படித்த நண்பன் அமெரிக்காவிலிருந்து பேசினான். அவனுடைய மகளுக்கும் பதினைந்து வயது. அங்கே பள்ளிக்கூடத்திலேயே கல்லூரித் தரத்துப் பாடங்களைப் படிக்கலாமாம். 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' என்று ஒரு திட்டம். 1950களிலிருந்து நடக்கிறது. அதில் நல்ல மதிப்பெண் வாங்கினால் பல கல்லூரிகள் அந்தப் பாடத்தைப் படித்து முடித்ததாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். 'இன்டர்நேஷனல் பேக்கலாரியேட்' என்று இன்னொன்று. 1968இல் ஜெனீவாவில் தொடங்கியது. சென்னையிலும் பணக்காரப் பள்ளிகளில் அது இருக்கிறது. மூன்றாவதாக, பள்ளியில் படித்துக்கொண்டே பக்கத்துக் கல்லூரிக்குப் போய்ச் சில பாடங்களைப் படிக்கிற வழியும் உண்டு. "எதுல சேர்த்தா காலேஜ்ல ஒரு வருசம் மிச்சமாகும்னு மண்டையப் பிச்சுக்கிட்டு இருக்கேன்டா" என்றான்.

"எங்க ஊர்லயும் அப்படி ஒண்ணு இருக்குடா. நான் அதுலதானே வந்தேன், மறந்துட்டியா?" என்று கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவன் பிளஸ் டூ முடித்து முதலாம் ஆண்டில் சேர்ந்தவன். நான் பாலிடெக்னிக் முடித்து நேராக இரண்டாம் ஆண்டு வகுப்பில் போய் உட்கார்ந்தவன்.

பலகையில் கணக்கு எழுதியிருக்கிறேன், பாருங்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருடம். அதன் பிறகு பி.இ. நான்கு வருடம். மொத்தம் ஆறு. இந்தப் பக்கம் பாலிடெக்னிக் மூன்று வருடம், பிறகு நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்து பி.இ. மூன்று வருடம். இதுவும் ஆறு. இரண்டு பேரும் ஒரே நாளில் பொறியியல் பட்டம் வாங்கலாம். பாலிடெக்னிக்கில் படித்ததற்காகக் கல்லூரியின் முதல் வருடத்தைக் கழித்துக்கொள்கிறார்கள்.

ஐ.டி.ஐ. போகிற பிள்ளைக்கும் கதவு மூடிவிடவில்லை. பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டும் இரண்டும் நான்கு, பி.இ. மூன்று, ஆக ஏழு வருடம். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்த பிள்ளையும், தொழிற்கல்விப் பிரிவு படித்த பிள்ளையும் அதே மாதிரி பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம்.

கணக்கு இவ்வளவு எளிதாக இருக்கிறதே, அப்புறம் ஏன் கூட்டம் போட்டுப் பேச வேண்டும் என்று கேட்பீர்கள். எந்தப் பிள்ளையை யார் எந்தப் பாதைக்கு அனுப்புகிறார்கள் என்று பார்த்தால், அங்கே சாதி வந்து நிற்கிறது. அதனால்தான் பேச வேண்டியிருக்கிறது.

என் கதையையே சொல்கிறேன். 1998இல் நான் பத்தாவது முடித்தேன். ஐந்நூறுக்கு 421 மதிப்பெண். மதிப்பெண் சான்றிதழ் வாங்கப் போன அன்றைக்கு எங்கள் வாத்தியார் ஒருவர் தோளில் கை போட்டுச் சொன்னார்: "தம்பி, உங்க தெருப் பிள்ளைக கைத்தொழில் கத்துக்கிட்டாத்தான் பிழைக்க முடியும். ஐ.டி.ஐ.ல பிட்டர் போட்டுக்கோ. காலேஜெல்லாம் இழுத்துக்கிட்டே போகும்." எனக்குப் பின்னால் நின்ற பையன் ஊருக்குள்ளே இருந்து வருகிறவன். அவன் என்னைவிட ஐம்பது மதிப்பெண் குறைவு. அவனிடம், "பர்ஸ்ட் குரூப் எடு, கணக்குக்கு டியூஷன் வச்சுக்கோ, சரியாயிரும்" என்றார்.

அந்த வாத்தியார் கெட்டவர் இல்லை. எனக்கு நோட்டு வாங்கிக் கொடுத்தவர். அவர் எனக்கு நல்லதுதான் நினைத்தார். ஆனால், எங்கள் தெருப் பிள்ளைக்கு எது நல்லது என்பதை மதிப்பெண்ணைப் பார்க்காமலேயே அவர் முடிவு செய்து வைத்திருந்தார். அந்த முடிவை அவருக்குக் கற்றுக்கொடுத்தது எது என்று நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

நாம் விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள். நமக்கு இந்த வரலாறு வீட்டு வாசலில் கிடக்கிறது. 1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு திட்டம் கொண்டுவந்தார். பள்ளிக்கூடம் மூன்று மணி நேரம். மீதி நேரம் பிள்ளை அப்பன் செய்கிற தொழிலைப் பழக வேண்டும். செருப்புத் தைக்கிறவர் பிள்ளை செருப்புத் தைக்கும், சிரைக்கிறவர் பிள்ளை சிரைக்கும். பெரியார் அதைக் குலக்கல்வி என்றார், தமிழ்நாடே கொதித்தது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சர் ஆனார். அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். அவர் இதே விருதுநகரில் பிறந்தவர். அவரே பாதியில் பள்ளிப் படிப்பை விட்டவர்.

அதற்கும் முன்னால் இதே வட்டாரத்தில் நாடார் மக்களைக் கோயிலுக்குள் விடமாட்டோம் என்றார்கள். 1899இல் சிவகாசியில் வீடுகள் எரிந்தன. அந்த மக்கள் என்ன செய்தார்கள்? மகமை திரட்டிப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். படிப்பு ஒரு சமூகத்தை எங்கே கொண்டுபோய் வைக்கும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை.

குலக்கல்வித் திட்டம் போய்விட்டது. அந்தப் பழக்கம் போகவில்லை. பயர் ஆபீஸ் நடத்துகிற முதலாளி வீட்டுக்கும் பட்டாசுதான் பரம்பரைத் தொழில். அவர் பிள்ளை பத்தாவது முடித்தால், "கைத்தொழில் கத்துக்கோ" என்று எந்த வாத்தியாரும் சொல்வதில்லை. மருந்து அறையில் வேலை பார்க்கிற அம்மாவின் பிள்ளையிடம் மட்டும் சொல்கிறார்கள். கைத்தொழிலை நான் இழிவாகப் பேசவில்லை. கடைசல் இயந்திரத்தில் நின்று வேலை செய்தவன் நான். இப்போது பாலிடெக்னிக்கில் அதையே பாடமாக நடத்துகிறவன். அந்தத் தொழிலுக்கு யாரை அனுப்புவது என்பதைப் பிறப்பை வைத்து முடிவு செய்கிறார்களே, அதைத்தான் கேள்வி கேட்கிறேன்.

எனக்கு ஒரு நல்ல காலம் இருந்தது. எல்.ஐ.சி.யில் வேலை பார்த்த இயக்கத் தோழர் ஒருவர் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். இந்த மூன்றும் மூன்றும் ஆறு கணக்கை எங்கள் வீட்டுச் சுவரில் கரிக்கட்டியால் எழுதிக் காட்டினார். அந்தக் காலத்தில் பிளஸ் டூ வழியாகப் பொறியியலுக்குப் போக நுழைவுத் தேர்வு உண்டு. அதற்கு மதுரைக்குப் போய் கோச்சிங் படிக்க வேண்டும். அந்த நுழைவுத் தேர்வை 2006இல் போட்ட சட்டம்தான் ஒழித்தது. எங்களிடம் மதுரைக்குப் பஸ் காசுகூட இல்லை. பாலிடெக்னிக் படித்தால், இடையில் ஏதாவது ஆனாலும் மூன்றாம் வருட முடிவில் கையில் ஒரு டிப்ளமோ இருக்கும் என்றார் தோழர். விண்ணப்பத்தில் அம்மா கைரேகை வைத்தார். அலுமினியப் பவுடர் அறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். தாளில் மைக்குப் பக்கத்தில் வெள்ளிப் பொடியும் ஒட்டியிருந்தது.

என் அக்கா எட்டாவதோடு நின்றவள். வீட்டில் உட்கார்ந்து குழாய் உருட்டுவாள். குரோஸ் கணக்கில் கூலி. நான் படித்த ஆறு வருடமும் அவள் உருட்டிய குழாயில்தான் நடந்தது. எனக்கு எந்தப் பாதை என்று பேசிய அன்றைக்கு அவளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எந்தப் பாதை என்று எங்கள் வீட்டில் யாரும் பேசியதே இல்லை. தோழரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நேரடி இரண்டாம் ஆண்டில் போய்ச் சேர்ந்தது சுலபமாக இருந்தது என்று சொன்னால் அது பொய். மற்றவர்கள் முதல் வருடம் இரண்டு கணிதத் தாள் எழுதி முடித்திருந்தார்கள். எனக்கு எடுத்த எடுப்பிலேயே மூன்றாவது தாள். பாடம் முழுக்க ஆங்கிலம். முதல் பருவத்தில் கணிதத்தில் அரியர். அதைக் கட்டி எழுதி எடுக்க ஒரு வருடம் ஆயிற்று. "டிப்ளமோ கோஷ்டி" என்று கேலி வேறு. ஆனால் பட்டறை வகுப்பு வந்தால் அதே பையன்கள் என் பக்கத்தில் வந்து நிற்பார்கள். நான் மூன்று வருடம் செய்து பழகிய வேலையை அவர்கள் அன்றைக்குத்தான் தொடுகிறார்கள்.

இந்தப் பாதையில் வந்தவன் என்பதால் இதையே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் செய்த தவறும் அதுதான்.

2018. எங்கள் தெருவில் ஒரு பெண் பிள்ளை. அரசுப் பள்ளியில் பத்தாவதில் 470க்கு மேல் மதிப்பெண். அவளுடைய அப்பா பயர் ஆபீசில் முன்பணம் வாங்கியிருந்தார். கடன் தலைக்கு மேல் இருந்தது. என்னிடம் வந்து கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "பாலிடெக்னிக்ல போடுங்கண்ணே, மூணு வருசத்துல வேலை" என்றேன். சேர்த்துவிட்டார்.

அந்த வருடம் அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பேரியம் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்றார்கள். தீபாவளிக்குப் பிறகு மாதக்கணக்கில் பயர் ஆபீசுகள் திறக்கவில்லை. தெருவே வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தது. "நல்லவேளை, பிள்ளையைப் பாலிடெக்னிக்ல சேர்த்துவிட்டீங்க தம்பி" என்று அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

2020 வந்தது. கொரோனாவில் கல்லூரி மூடி அவள் ஊரில் இருந்தாள். அக்டோபர் கடைசியில் தமிழ்நாடு அரசு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொண்டுவந்தது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட்டில் தகுதி பெற்ற பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் தனி இடம். அதற்கு முன்னால் விரல் விட்டு எண்ணக்கூடிய அரசுப் பள்ளிப் பிள்ளைகள்தான் மருத்துவக் கல்லூரிக்குள் போனார்கள். அந்த வருடம் நூற்றுக்கணக்கில் போனார்கள். ஆடு மேய்க்கிறவர் பிள்ளை, கூலி வேலைக்காரர் பிள்ளை என்று தினமும் பத்திரிகையில் படம் வந்தது.

அந்தப் பிள்ளை பத்திரிகையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "அண்ணே, நான் பிளஸ் ஒன்ல பயாலஜி எடுத்திருந்தா இந்த வருசம்தானே பிளஸ் டூ முடிச்சிருப்பேன்?" என்றாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? நீட்டில் தேறியிருப்பாளா என்று எனக்குத் தெரியாது. அப்படி ஒரு ஒதுக்கீடு வரும் என்று 2018இல் யாருக்கும் தெரியாது என்று சொல்லத் தொடங்கினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: "அது சரிண்ணே. எனக்கு என்ன ஆசைன்னு நீங்க ஒரு வார்த்த கேக்கலியே."

இப்போது அவள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறாள். அப்பாவின் முன்பணக் கடனை அவள்தான் அடைத்தாள். பொங்கலுக்கு வந்தால் என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறாள். ஆனால் 1998இல் என் வாத்தியார் எனக்குச் செய்ததை 2018இல் நான் அவளுக்குச் செய்தேன். அவர் ஊரில் நின்று சொன்னார். நான் நம் தெருவிலேயே நின்று சொன்னேன். அதுதான் வித்தியாசம்.

அதனால் இப்போது யார் கேட்டாலும் பாதையின் பெயரைச் சொல்வதில்லை. ஒவ்வொரு பாதையிலும் எந்தக் கதவு திறக்கும், எது மூடும் என்று சொல்கிறேன்.

பாலிடெக்னிக் போனால் மூன்று வருடத்தில் வேலைக்குப் போகிற தகுதி கிடைக்கும். பி.இ. இரண்டாம் ஆண்டுக்கு வழி இருக்கிறது. அரசு பாலிடெக்னிக்கில் கட்டணம் குறைவு. ஆனால் மருத்துவம் முடிந்துபோகும். நீட் எழுத பதினொன்று, பன்னிரண்டில் உயிரியலும் இயற்பியலும் வேதியியலும் வேண்டும். விருதுநகரிலேயே 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. நம் பிள்ளை அதன் வாசலைத் தாண்டிப் பஸ்ஸில் போவதா, உள்ளே போவதா என்பது பதினைந்து வயதில் எடுக்கிற குரூப்பில் இருக்கிறது. இன்னொன்று, நேரடி இரண்டாம் ஆண்டுக்கு ஒதுக்குவது சிறு பங்கு இடங்களும், முதலாம் ஆண்டில் காலியாகக் கிடக்கிற இடங்களும்தான். பெயர் பெற்ற கல்லூரியில் காலியிடம் குறைவாகத்தான் இருக்கும். மூன்றாவது, பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டால் கையில் பத்தாவது சான்றிதழ் மட்டும்தான் மிஞ்சும்.

பிளஸ் ஒன் போனால் கதவுகள் அதிகம். மருத்துவம், சட்டம், வேளாண்மை, கலை அறிவியல் எல்லாம் திறந்திருக்கும். 2021இல் போட்ட சட்டப்படி பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு இடம் உண்டு. அந்த இடத்தில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆனால் இதற்கும் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பதினொன்றாவதில் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த உரிமை போய்விடும். தெரியாமல் மாற்றிவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். பிளஸ் டூவில் உள்ள சிரமம் என்னவென்றால், அந்தச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு வேலை கிடைக்காது. அதற்குப் பிறகும் மூன்று நான்கு வருடம் வீடு தாங்க வேண்டும். நம் மாவட்டம் பல ஆண்டுகள் பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்திலேயே முதலிடம் வாங்கியது. தேர்ச்சி வேறு, கட்-ஆப் வேறு. பொறியியலுக்குக் கணிதம் நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது என்று இருநூறுக்குப் போடுகிறார்கள். பாஸ் ஆனால் போதும் என்று நம் பிள்ளையை யாராவது பள்ளியில் நடத்தினால், போய்க் கேளுங்கள்.

கடைசியாக நான்கு வேலை சொல்கிறேன்.

முதல் வேலை, இன்று ராத்திரி பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து என்ன ஆசை என்று கேளுங்கள். பெண் பிள்ளையிடம் இரண்டு தடவை கேளுங்கள். முதல் தடவை, வீட்டுக்கு எது வசதியோ அதையே தன் ஆசையாகச் சொல்லும்.

இரண்டாவது, கணக்குப் பாட மதிப்பெண்ணை மட்டும் தனியாகப் பாருங்கள். கணக்குப் பிடிக்காத பிள்ளையை "வேலை கிடைக்கும்" என்று பாலிடெக்னிக்கில் தள்ளினால் அரியரில் மாட்டும். எனக்கு அந்த வகுப்பறை தெரியும்.

மூன்றாவது, சான்றிதழ்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டதாரி இல்லாத வீடாக இருந்தால் முதல் பட்டதாரிச் சான்று. இந்த வாரமே எடுத்து வையுங்கள். பிளஸ் ஒன், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும் பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு வருமான வரம்புக்கு உட்பட்டு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அது யாருடைய தயவும் கிடையாது. 18 விழுக்காடும், அதற்குள் அருந்ததியருக்கு 2009இல் கிடைத்த 3 விழுக்காடும், பழங்குடியினருக்கான 1 விழுக்காடும் போராடி வாங்கியவை. விண்ணப்பத்தில் சாதிக் கட்டத்தை நிரப்பக் கூச்சப்பட வேண்டாம்.

நான்காவது வேலைதான் கஷ்டமானது. முடிவு வந்ததற்கும் பள்ளி திறப்பதற்கும் நடுவில் சில வாரம் இருக்கிறது. "சும்மாதானே இருக்கான், நாலு வாரம் வரட்டும்" என்று போர்மேன் கேட்பார். அனுப்பாதீர்கள். 2016இல் திருத்திய சட்டப்படி பதினெட்டு வயது ஆகாத பிள்ளையை வெடிமருந்து வேலையில் வைப்பது குற்றம். நம் பிள்ளைகள் வேலை செய்த கதை 1996இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வாங்கியது. 2012இல் முதலிப்பட்டியையும் 2021இல் அச்சங்குளத்தையும் பார்த்த ஊர் இது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். முதல் சம்பளக் கவரை வாங்கிய பிள்ளை ஜூன் மாதம் புத்தகப்பையை எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். உங்களில் பாதிப் பேர் அப்படி நின்றவர்கள்தான். என் அக்காவும் ஒரு லீவுக்குத்தான் குழாய் உருட்டப் போனாள்.

கூட்டம் முடிந்ததும் அந்த மேசையில் நானும் இரண்டு தோழர்களும் உட்கார்ந்திருப்போம். மதிப்பெண் தாளை எடுத்து வாருங்கள், பிள்ளையையும் கூட்டி வாருங்கள். பிள்ளை இல்லாமல் மதிப்பெண் தாள் மட்டும் வந்தால் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.